எடுக்காத தண்ணீர்

பன்னிரண்டு ஆடுகளை விற்ற பணத்தோடு
ஷாஸியே வங்கிக்கு வந்தது மார்ச் மாதம்.
நோட்டுகளில் இன்னும் கம்பளி வாசம்.
மீதிக்கு நான் கடன் எழுதினேன்:
மண்ணில் செருக ஆறு கம்பிகள்,
சொட்டுக் குழாய், ஒரு சூரியத் தகடு,
கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி.
அடைத்து முடிக்க ஏழு அறுவடை.
‘தண்ணீரில் மூன்றிலொரு பங்கு மிச்சம்’ என்று
விற்க வந்தவன் சொன்னதை
அப்படியே படிவத்தில் நிரப்பினேன்.
எழுதக் காசா, பணமா.

கோன்யாச் சமவெளியில்
தரை சொல்லிக்கொண்டு திறப்பதில்லை.
அடியில் சுண்ணாம்புப் பாறை,
பாறைக்குள் குகை,
குகைக்குத் தூணாக இருந்தது தண்ணீர்.
தூணை உறிஞ்சி எடுத்த பிறகு
கூரை எத்தனை நாள் நிற்கும்?

பெகிரின் மக்காச்சோளத்தில்
விடியுமுன் ஒரு சத்தம்.
போய்ப் பார்த்தால்
காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் ஒரு குழி.
மூன்று தெளிப்பான்களும் ஒரு மின்கம்பமும் உள்ளே.
ஓரத்தில் நின்று சிரித்தான்:
“வங்கிக்காரரே, இதற்கும் வட்டி உண்டா?”
அடுத்த வாரம்
இருநூறு அடி தள்ளி
புதிய ஆழ்குழாய் இறக்கினான்.
முந்தையதைவிட ஆழமாக.

ஜூலை.
நண்பகல் வெயிலில் சர்க்கரை பீட்ரூட் இலைகள்
ஈரத்துணிபோல் தரையில் படுத்தன.
கைப்பேசி சொன்னது: பொறு.
மறுநாளும்: பொறு.
பெகிரின் வயலில் தெளிப்பான்கள்
பகலெல்லாம் வானவில் வீசின.
நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு
ஷாஸியே என்னை அழைத்தாள்.
“உங்கள் பெட்டிக்குத் தாகம் எடுத்ததுண்டா?
எடுக்காதவன் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?”
பதில் இல்லாமல்
காரை எடுத்துக்கொண்டு போனேன்.

விடிய ஒரு நாழிகை இருக்க
இலைகள் எழுந்து நின்றிருந்தன,
ஒன்றுமே நடக்காதது போல.
அவள் மண்ணைத் தோண்டி
முழங்கைவரை கையை விட்டாள்.
எடுத்த கையை என் கன்னத்தில் வைத்தாள்.
குளிர்ச்சி.

பிறகு தலைத்துணியை அவிழ்த்து
வால்வின் கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டாள்.
“என் கை பொல்லாதது,
அவிழ்க்கிற நேரத்திலாவது புத்தி வரட்டும்.”

ஒன்பது நாள் அந்த முடிச்சு இருந்தது.
ஆடு விற்ற பணம் முதலீடு என்றால்
ஒவ்வொரு நண்பகலும்
சாகிறாற்போல் கிடந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு
அவள் சும்மா நின்றதற்கு
எங்கள் வங்கியில் பெயர் இல்லை.

அக்டோபர் எடை மேடையில்
பெகிரைவிட ஏக்கருக்கு இரண்டு டன் குறைவு.
ஆலைக்காரன் துண்டு நறுக்கிப் பார்த்தான்,
சர்க்கரை கூடுதல்.
மின்கட்டணம் பாதி.
முதல் தவணையைச் சில்லறை வரை எண்ணி வைத்தாள்.
எழுந்து போகாமல் கேட்டாள்:

“நான் எடுக்காத தண்ணீர் எங்கே போனது?”

பூமிக்கு அடியில் வரப்பு கிடையாது.
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
அவள் குடிக்காமல் வைத்ததை
பெகிரின் புதுக் குழாய் குடிக்கிறது.
“இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?”

அசல், வட்டி, ஈடு, அபராதம்.
நான்கு பத்திகள்தான் அச்சடித்திருந்தார்கள்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது?
தலைமை அலுவலகம் அழித்துவிடும் என்று
சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

நவம்பரில் பெகிர் வந்தான்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
நெடுநேரம் விலைவாசி பேசினான்.
கிளம்பும்போது, கதவைப் பார்த்தபடி:
“ஆறு வேண்டாம்.
அந்தக் கம்பி ஒன்று மட்டும் என்ன விலை?
குழிக்கு இந்தப் பக்கம் நட.”
தனியாகத் தருவதில்லை என்றேன்.
“என்னிடம் ஆடும் இல்லை” என்றான்.

உட்காரச் சொல்லிப் படிவத்தை எடுத்தேன்.
பெயர், நிலம், கிணற்றின் ஆழம் வரை
வழக்கம்போல் ஓடிய பேனா
‘மிச்சமாகும் நீர்’ என்ற இடத்தில் நின்றது.
மூன்றிலொரு பங்கு என்று
இந்த முறை கை எழுதவில்லை.